பத்து நிமிடம், தொடாதே

உங்கள் காரை ரிப்பேருக்கு யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பட்டறையின் பெயர் தெரியும். முதலாளியின் பெயரும் தெரியும், அவர் மகன் கல்யாணத்துக்குக்கூடப் போயிருப்பீர்கள். நான் கேட்பது, பானட்டுக்குள் தலையை விட்டு வேலை செய்தவனின் பெயர். தெரியாதுதானே?

ஒரு காலத்தில் உங்கள் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது. மிதித்தால் இழுத்தது, விட்டால் விட்டது. இப்போது கம்பி கிடையாது. நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிப்பது வண்டியின் கணினிக்குப் போடும் மனு, அவ்வளவுதான். அது கணக்குப் பார்த்து, காற்றுப் போகும் குழாயில் இருக்கும் ஒரு சின்னத் தட்டைத் திறக்கிறது. தட்டில் கரி படிந்தால் பிக்கப் செத்துப்போகும். கரியைத் துடைத்தால் மட்டும் சரியாகிவிடாது. 'முழுக்க மூடிய நிலை இதுதான், இதுதான் உன் சுழியம்' என்று கணினிக்கு மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள அதற்குப் பத்து நிமிடம் ஆகும். இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் ஏசி கூடாது, விளக்கு கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. முக்கியமாக, ஆக்சிலேட்டரில் ஒரு கால்கூடப் படக்கூடாது.

அம்மான் நகரின் மேற்கே, பயாதர் பட்டறைத் தெருவில், இதை ஒழுங்காகச் செய்தவன் ஒருவன்தான். பெயர் மிஸ்பாஹ். தெருக்காரர்கள் அவனை அபு ஸிஃபர் என்றார்கள்; சுழியத்தின் அப்பன். இங்கே ஓர் ஆணை மூத்த மகனின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிஸ்பாஹுக்கு மகன் இல்லை, ஒரே மகள். எப்போது பார்த்தாலும் வண்டிக்கு முன்னால் கடிகாரத்தோடு நின்று "சுழியம் கத்துக்கட்டும், இருங்க" என்று சொன்னவனுக்குத் தெருவே ஒரு மகனைக் கொடுத்துவிட்டது.

அவன் நின்ற பட்டறைக்கு எதிரே என் உதிரிபாகக் கடை. பதினோரு வருடம் அவனைப் பார்த்தேன். ஒல்லியான ஆள்; வலது கை மணிக்கட்டில் பேட்டரி அமிலம் பட்ட தழும்பு. பாக்கெட்டில் பல் துலக்கும் பிரஷ் ஒன்று எப்போதும் இருக்கும். தட்டின் விளிம்பை அதனால்தான் துடைப்பான். முரட்டுத் துணி போட்டுத் தேய்க்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

ஒருநாள் டாக்சிக்காரன் ஃபவாஸ் தன் வண்டிக்குப் பக்கத்தில் பொறுமையில்லாமல் உலாவிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா அபு ஸிஃபர், பால் குடுத்துத் தூங்க வைக்கிறியா?"

"பேசாம நில்லு. கத்துக்கிட்டிருக்கு."

"நான் ஆறாங்கிளாஸ் மூணு வருஷம் படிச்சேன். எனக்காக எவனும் வாசல்ல இப்படி நின்னதில்ல."

"நின்னிருந்தா நீ ஏழாங்கிளாஸ் போயிருப்ப."

தெரு சிரித்தது. ஃபவாஸும் சிரித்தான். பத்து நிமிடம் கழித்து மேட்டில் வண்டி ஏறிய வேகத்தைப் பார்த்து, ஜன்னல் வழியே முத்தம் ஒன்றைப் பறக்கவிட்டுப் போனான்.

எல்லோரும் ஃபவாஸ் இல்லை. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியில் பட்டறை முதலாளி ஏறி உட்கார்ந்து, இறைவன் பெயரைச் சொல்லி, ஆக்சிலேட்டரை மூன்று முறை தரையோடு மிதிப்பார். இன்ஜின் உறுமும். சுற்றி நிற்பவர்கள் "மப்ரூக்" என்று வாழ்த்துவார்கள். சாவி கை மாறும். கார்புரேட்டர் காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது, தேங்கிய பெட்ரோல் ஓடட்டும் என்று மிதித்தார்கள். கார்புரேட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய் எத்தனையோ காலமாகிறது. மிதி மட்டும் போகவில்லை. காரணம் செத்த பிறகும் நடமாடும் வழக்கங்களைப் புதைக்க மனிதர்களுக்கு எப்போதும் நேரம் கிடைப்பதில்லை. அவற்றின் முன்னால் தலைகுனிய மட்டும் நேரம் கிடைத்துவிடுகிறது.

சுழியம் கற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மூன்று மிதி விழுந்தால் கணினி தப்பாகக் கற்றுக்கொள்ளும். காலை எடுத்ததும் இன்ஜின் நின்றுபோகலாம். இதை மிஸ்பாஹ் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் என் கடைப் பெட்டி ஒன்றைக் கிழித்து அட்டையில் எழுதினான்: "பத்து நிமிடம். தொடாதே." அதை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பான்.

அவன் பிறந்தது ஜெரஷ் அருகே, காஸா அகதிகள் முகாமில். அப்பா அறுபத்தேழு போரின்போது நடந்து வந்தவர். அறுபத்தேழில் காஸாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் தேசிய எண் கிடையாது. எண் இல்லாதவனுக்கு எந்தக் கதவும் பாதிதான் திறக்கும். மிஸ்பாஹ் மின்னணுவியல் டிப்ளமோ படித்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கார்க் கம்பெனிகளின் ஆங்கிலக் கையேடுகளை வரி வரியாகப் படித்தான். சொந்தப் பட்டறைக்கு மூன்று முறை மனுப் போட்டான். மூன்று முறையும் திரும்பி வந்தது. ஆகவே, அபு தலாலின் பட்டறையில் அவன் கை வேலை செய்தது, பலகையில் அபு தலாலின் பெயர் எரிந்தது.

அபு தலால் கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கல். மிஸ்பாஹின் மகள் பிறந்தபோது மருத்துவமனை வாசலில் ராத்திரி முழுக்க நின்றவர் அவர். பெருநாளைக்கு ஆடு அறுத்தால் முகாமுக்கு ஒரு தொடை போகும். ஆனால் வண்டியோடு கொடுக்கும் வேலைச் சீட்டில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவருடைய ரப்பர் முத்திரை மட்டும்தான் விழும்.

ஒருமுறை மிஸ்பாஹ் கேட்டான். நான் அங்கேதான் இருந்தேன்.

"அபு தலால், அந்தக் கட்டத்துல என் பேரை ஓரமா எழுதிக்கவா? முத்திரை மேலயே இருக்கட்டும்."

"எதுக்குப்பா?"

"சும்மா. நான் செஞ்சேன்னு தெரியட்டுமேன்னு."

"தெரிஞ்சு? நாளைக்கு ஒருத்தன் சண்டைக்கு வந்தா உன்கிட்ட வருவான். எண் கிடையாது, ஆள் பலம் கிடையாது, நீ என்ன பண்ணுவ? நல்லதும் கெட்டதும் என் தலையில கிடக்கட்டும். நீ நிம்மதியா இரு."

மிஸ்பாஹ் தலையாட்டிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனான். கெட்டது வந்தபோது அது யார் தலையில் கிடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ரமலான் இருபத்துமூன்றாம் நாள். நோன்பு திறக்க இன்னும் முப்பது நிமிடம். அந்த நேரத்து அம்மானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நகரமே வீட்டு மேசையை நோக்கி ஓடும். ரவ்தா என்ற நர்சின் சின்ன கொரியன் கார் பட்டறை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது என்று காலையில் விட்டுப்போயிருந்தாள். மிஸ்பாஹ் தட்டைத் துடைத்து, ஸ்கேனரால் பழைய கணக்கை அழித்து, அட்டையை இருக்கையில் வைத்து நின்றிருந்தான். மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

அபு தலால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"முடிஞ்சுதா?"

"ஏழு நிமிஷம்."

"இன்னும் ஏழு நிமிஷம் நின்னா, வழியிலேயே நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிடுவான். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போக வேணாமா? எங்க வீட்ல சூப்பு காத்துக்கிட்டிருக்கு."

"சூப்பு மறுபடி சூடாகும், அபு தலால். இது தப்பா கத்துக்கிட்டா..."

"நோன்பு வெச்சு நாக்கு வறண்டிருக்கு, பாடம் நடத்தாதய்யா."

வண்டியை எடுக்க வந்திருந்த ரவ்தாவும் கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணா, வீட்ல அம்மா தனியா இருக்காங்க. மீதியை நாளைக்குக் காலைல செஞ்சுக்கலாமே."

"தங்கச்சி, இதுல மீதின்னு ஒண்ணு கிடையாது. ஒண்ணு முடியணும், இல்ல முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அபு தலால் காரின் கதவைத் திறக்கக் கையை நீட்டினார். மிஸ்பாஹ் கதவின் மேல் கை வைத்து மறித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் இருக்கும், இரண்டு மூச்சு. பிறகு அந்தக் கையை எடுத்தான். அபு தலால் அட்டையைத் தூக்கிப் பின்னிருக்கையில் எறிந்துவிட்டு உட்கார்ந்து, இறைவன் பெயரைச் சொல்லி, மூன்று முறை மிதித்தார். வண்டி உறுமியது.

"கேட்டியா? குதிரை!" என்றார்.

ரவ்தா ஏறி வண்டியை நகர்த்தும்போது மிஸ்பாஹ் ஜன்னல் ஓரமாக ஓடினான். "மேட்டுல நிறுத்தாதீங்க! நின்னுபோனா ஹேண்ட் பிரேக் போடுங்க!" ரவ்தா தலையாட்டினாள். கேட்டு ஆட்டினாளா, விடைபெற ஆட்டினாளா என்று அவளாலேயே பிறகு சொல்ல முடியவில்லை.

வாதி அஸ்ஸீர் போகும் மேட்டில் அன்றும் இளைஞர்கள் நின்றிருந்தார்கள். வீடு போய்ச் சேராதவர்கள் வழியிலேயே நோன்பு திறக்கட்டும் என்று ஒவ்வொரு காராகப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுப்பார்கள். அவர்களில் ஒருவன் ஹைதம், இருபது வயது, மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ரவ்தாவின் ஜன்னலில் பையை நீட்டினான். வாங்குவதற்காக அவள் வேகத்தைக் குறைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். இன்ஜின் நின்றது. பழத்தைக் கொடுத்துவிட்டு ஹைதம் அடுத்த காருக்காகப் பின்னால் நடந்தான். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியதும் அவள் பதறி மிதித்தது ஆக்சிலேட்டரை. செத்த இன்ஜின் யார் மிதியைக் கேட்கும்? இரண்டு கார்களுக்கு நடுவே அவன் அகப்பட்டான். பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது என்கிறார்கள்.

மறுநாள் தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: விதி. "அவன் நேரம் எழுதியாச்சு." "ரமலான்ல போனான், சொர்க்கவாசி." விதி எவ்வளவு வசதியான வேலைக்காரன் பாருங்கள், எந்தக் குற்றத்தையும் கூலி கேட்காமல் சுமக்கும். ஆனால் விதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. போலீஸ் அறிக்கையில் 'வாகனம் பழுதுடன் ஒப்படைக்கப்பட்டது' என்று வந்தது. ரவ்தாவின் குடும்பத்தை ஹைதமின் தந்தை ஏற்கெனவே மன்னித்திருந்தார். இனி கேள்வி பட்டறைக்கு. கையெழுத்துப் போட ஒரு கை தேவைப்பட்டது.

அபு தலால் மிஸ்பாஹை என் கடைக்குள் கூட்டிவந்து உட்காரவைத்துப் பேசினார். அவர் கண் சிவந்திருந்தது, உண்மையாகவே அழுதிருந்தார்.

"பெரிய மனுஷங்களைக் கூட்டிட்டு அவங்க வீட்டுக்குப் போறோம். மன்னிப்பு கேக்கிறோம். தப்பு செஞ்சவன் யாருன்னு ஒரு பேர் சொல்லணும், அதான் முறை. என் பேர் வந்தா உரிமம் போச்சு, ஒன்பது குடும்பம் ரோட்டுல. உன் பேர் வந்தா... உன்கிட்ட எடுத்துக்க என்ன இருக்கு? அவங்க மன்னிச்சிடுவாங்க. அதோட முடிஞ்சுது."

"நான் மிதிக்கலையே, அபு தலால்."

"யாரும் உன்னை மிதிச்சன்னு சொல்லல. வேலை பண்ணது நீ. அது உண்மைதானே?"

மிஸ்பாஹ் என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் என் கடை வாசலிலிருந்து பார்த்தவன் நான். அலமாரியில் ஆயில் வடிகட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து அடுக்கினேன்.

அன்று வீட்டில் அவன் மனைவி ஸமீஹா கேட்டாளாம், "பொய்யா சொல்லப்போறீங்க?" அவன், "முழுப் பொய் இல்ல. கதவை மறிச்ச கையை எடுத்தது நான்தான்" என்றானாம். இதை அவள்தான் பின்னால் எனக்குச் சொன்னாள்.

ஹைதமின் வீட்டு முற்றத்தில் நாற்பது ஆண்கள் உட்கார்ந்தோம். காப்பி ஊற்றி வைத்தார்கள். வந்த காரியம் நிறைவேறும்வரை ஒருவரும் கோப்பையைத் தொடக்கூடாது என்பது முறை. எங்கள் தூதுக்குழுவின் தலைவர் ஹாஜி மித்கால் இறைவனின் கருணையைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு, "எங்க பையன் ஒருத்தன் அறியாம தப்பு பண்ணிட்டான். வந்திருக்கான்" என்றார்.

எங்கள் பையன்! பதினோரு வருடத்தில் மிஸ்பாஹை அந்தத் தெருவின் பெரியவர் ஒருவர் அப்படிச் சொன்னது அன்றுதான்.

ஹைதமின் தந்தை பள்ளி ஆசிரியர். சவரம் செய்யாத முகம். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா செருகியபடியே இருந்தது. அவர் மிஸ்பாஹை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"வண்டி தயாராகலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா விட்ட?"

மிஸ்பாஹ் தன் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன்."

அபு தலால் இருமினார். நாற்பது கோப்பைகளிலும் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"யார்கிட்ட?"

ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் வந்த காரியம் அங்கேயே உடைந்திருக்கும், உண்மை எழுந்து நின்றிருக்கும். மிஸ்பாஹ் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை என் மேலும் வந்து போனது. பிறகு மெல்லச் சொன்னான்:

"காதுல விழற மாதிரி சத்தமா சொல்லல, உஸ்தாத். அதுதான் என் தப்பு."

ஆசிரியர் வெகுநேரம் அவனைப் பார்த்தார். பத்தாம் வகுப்பில் யாருக்காகவோ அடி வாங்கும் மாணவர்களை அவர் பார்த்திருக்கக்கூடும். "காப்பியைக் குடிங்க" என்றார். சமாதானத் தாள் வந்தது. குற்றம் செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயரையும், தந்தை பெயரையும், தாத்தா பெயரையும் முழுதாக எழுதினார்கள். எந்த வேலைச் சீட்டிலும் ஏறாத பெயர் அது. அவன் கையெழுத்துப் போட்டான். நாற்பது பேரும் காப்பி குடித்தோம். நானும் குடித்தேன்.

"ஒரு மாசம் வீட்ல இரு, தெரு மறக்கட்டும்" என்றார் அபு தலால். தெரு மறக்கவில்லை. தன் வண்டியைக் கொண்டுவந்த ஒவ்வொருவனும், "அந்தக் கொலைகாரன் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான். ஃபவாஸும் கேட்டான். இரண்டாம் மாதம் புதிய ஆள் வந்தான். துடைத்ததும் மூன்று முறை மிதித்து அனுப்பினான். அபு தலாலுக்கும் அந்த வழக்கம் விடவில்லை. ஒரு சாவு நடந்த பிறகும் விடவில்லை.

போன வசந்தத்தில் முகாமுக்குப் போனேன். மிஸ்பாஹ் தள்ளுவண்டியில் ஃபலாஃபில் கடலை உருண்டை பொரித்துக்கொண்டிருந்தான். மகள் நர்சிங் படிக்க விரும்புகிறாளாம். நான் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்: என் கார் மேட்டில் தயங்குகிறது, தட்டை நானே துடைத்துவிட்டேன், பிறகு என்ன செய்ய?

"நான் வண்டியைத் தொடறதில்ல" என்றான்.

"தொட வேணாம். சொல்லு."

எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தான். என் காரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டான். "ஏசி அணை. விளக்கு அணை. சாவியைத் திருப்பி அரை நிமிஷம் இரு. இப்ப ஸ்டார்ட் பண்ணு. இறங்கிடு. கதவை மெதுவா சாத்து." நான் இறங்கினேன். பிறகு அவன் கடிகாரத்தைப் பார்த்தான். முதலில் இன்ஜின் திக்கியது, ஏறியது, இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் மூச்சு ஒரு சீருக்கு வந்தது. வாங்க வந்த ஒரு பெண்ணை, "அஞ்சு நிமிஷம் பொறுங்க அம்மா" என்று நிறுத்திவைத்தான். அவன் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. பத்தாம் நிமிடம் தலையை மட்டும் அசைத்தான்.

"இப்ப போ."

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். "அந்தக் காப்பியை நீ மட்டுமா குடிச்ச?" என்றான். சட்டியை அடுப்பில் ஏற்றினான். வீட்டுக்குக் கொண்டுபோ என்று சூடாக எட்டு உருண்டை பொட்டலம் கட்டிக் கொடுத்தான். திரும்பும் வழியில் மேட்டில் வண்டி தயங்காமல் ஏறியது. அது எனக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை பட்டறையில் சாவியை வாங்கும் முன், இதில் வேலை செய்தது யார் என்று கேளுங்கள். அவனை வெளியே கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் சீட்டில் அவன் பெயரை உங்கள் கண்முன் எழுதவையுங்கள், வண்டி நன்றாக ஓடும்போதே எழுதவையுங்கள். அவன் பத்து நிமிடம் கேட்டால் கொடுங்கள். அவனை மீறி ஒருவர் ஏறி உட்கார்ந்து மிதிக்கப்போனால், நீங்கள் வடிகட்டி அடுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். காதில் விழும்படி சத்தமாகச் சொல்லுங்கள்.